தொப்புள் கொடி அறுபட்ட பிறகு: தாயும் சேயும் வைட்டமின் டி-யும்

“கால்சியம் மாத்திரையை ஒருநாள் விடாமல் போட்டுக்கொள்கிறேன். அப்புறம் எதற்கு வைட்டமின் டி?” கர்ப்பிணிகள் கேட்கும் நியாயமான கேள்வி இது. குழந்தை பிறந்ததும் இதே கேள்வி வேறு மாதிரி வரும். “தாய்ப்பாலில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்றீர்கள். இந்தப் பச்சைப் பிள்ளைக்குச் சொட்டு மருந்து எதற்கு?”

இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகப் பார்ப்பதால்தான் குழப்பம். வயிற்றில் இருக்கும்போது தாயின் ரத்தத்திலிருந்து வந்து சேரும் வைட்டமின் டி-தான் குழந்தையின் முதல் கையிருப்பு. பிறந்த பிறகு அது வாரத்துக்கு வாரம் கரையும். தாய்ப்பாலில் வருவது அந்தக் குறையை நிரப்பப் போதாது. ஆகவே அம்மாவின் மாத்திரையும் குழந்தையின் சொட்டு மருந்தும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். முதல் பாதியை அக்கறையாகச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துபோகிற வீடுகள் நிறைய. அந்த மறதியைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

கால்சியம் மட்டும் போதாதா?

விழுங்கும் கால்சியம் முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடுவதில்லை. சிறுகுடல் அதை உறிஞ்சி ரத்தத்தில் விட்டால்தான் எலும்புக்குப் போகும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் குடல் உறிஞ்சுவது ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம்தான். போதிய அளவு இருந்தால் 30, 40 சதவீதம் வரை உறிஞ்சும். 500 மில்லிகிராம் கால்சியத்தை இரண்டு பெண்கள் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 50 மில்லிகிராமும் இன்னொருவருக்கு 150 மில்லிகிராமுக்கு மேலும் சேரலாம். மாத்திரை அதேதான், உள்ளே போய்ச் சேர்வதுதான் வேறு.

வைட்டமின் என்று பெயர் வைத்துவிட்டாலும், இதை நம் உடம்பே தயாரிக்க முடியும். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர்கள் தோலில் பட்டதும், அங்கே இருக்கும் கொலஸ்ட்ரால் வகைப் பொருள் ஒன்று வைட்டமின் டி-யாக மாறுகிறது. அது கல்லீரலுக்குப் போய் ஒருமுறை உருமாறும். ரத்தப் பரிசோதனையில் அளக்கப்படுவது இந்த வடிவத்தைத்தான். இதுதான் உடம்பின் கையிருப்பு. அடுத்து சிறுநீரகத்தில் இன்னொருமுறை உருமாறி, வேலை செய்யும் ஹார்மோனாகிறது. குடலுக்கு “கால்சியத்தை உள்ளே விடு” என்று உத்தரவு கொடுப்பது இந்த ஹார்மோன்.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு எப்போதும் பிடித்த கதை. நூறு வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவின் புகை மண்டிய தொழில் நகரங்களில் குழந்தைகளின் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் சர்வசாதாரணமாக இருந்தது. 1919-இல் பெர்லினில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், அந்த நோய் வந்த குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கொளி கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார். ஒரு கையில் மட்டும் ஒளியைப் பாய்ச்சினாலும் இரண்டு கைகளின் எலும்புகளும் தேறின. அப்படியானால் தோலில் ஏதோ ஒன்று உருவாகி, ரத்தம் வழியாக உடம்பு முழுவதும் போகிறது என்றுதானே அர்த்தம்? ஏறத்தாழ அதே சமயத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, மீன் எண்ணெய் கொடுத்து நாய்க்குட்டிகளுக்கு வரும் ரிக்கெட்ஸைத் தடுத்தார். 1922-இல் அமெரிக்காவின் எல்மர் மெக்காலம், மீன் எண்ணெயில் இந்த வேலையைச் செய்வது வைட்டமின் ஏ அல்ல, வேறொன்று என்று நிரூபித்தார். ஏ, பி, சி எல்லாம் ஏற்கெனவே போய்விட்டதால் இதற்கு டி என்று பெயர் வந்தது.

வயிற்றில் இருக்கும்போது நடப்பது

நிறைமாதக் குழந்தையின் எலும்புக்கூட்டில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் சேர்வது. அந்த நாட்களில் குழந்தை தினமும் 250 முதல் 300 மில்லிகிராம் கால்சியத்தைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்தத் தேவை வரப்போகிறது என்று தாயின் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும் போல. கர்ப்பத்தின் முதல் மாதங்களிலேயே, வைட்டமின் டி உருமாறி உருவாகும் அந்த ஹார்மோனின் அளவு ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று மடங்காகிவிடும். குடல் உறிஞ்சும் கால்சியமும் இரட்டிப்பாகும்.

தாய்க்கு வைட்டமின் டி குறைவாக இருந்தால் என்ன ஆகும்? இங்கேதான் பலரும் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது. நஞ்சுக்கொடி கால்சியத்தைச் சும்மா கசியவிடுவதில்லை. பம்பு வைத்து இறைப்பதுபோலத் தாயின் ரத்தத்திலிருந்து இழுத்துக் குழந்தைக்குத் தள்ளுகிறது. தாயின் ரத்தத்தில் கால்சியம் குறையத் தொடங்கினால் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி முடுக்கிவிடப்பட்டு, தாயின் எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்துக் கொடுக்கும். குழந்தைக்குக் குறை வைக்காமல் தாயின் எலும்பு ஈடுகொடுக்கும். அதனால் வைட்டமின் டி ரொம்பக் குறைவாக உள்ள தாய்க்கும் பெரும்பாலும் நல்ல எடையோடு, பார்க்க ஒரு குறையும் இல்லாத குழந்தைதான் பிறக்கும். ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது.

கால்சியத்தைத்தான் நஞ்சுக்கொடி இறைத்துக் கொடுக்கும். வைட்டமின் டி-யை அப்படிக் கொடுக்காது. அது தாயிடம் இருக்கும் அளவைப் பொறுத்துத்தான் கடந்து போகும். தொப்புள் கொடி ரத்தத்தில் பொதுவாகத் தாயின் அளவில் 60 முதல் 80 சதவீதம் இருக்கும். தாய்க்கு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம் என்றால் குழந்தை இருபதை ஒட்டிய கையிருப்போடு பிறக்கும். தாய்க்கே 10 என்றால் குழந்தைக்கு ஆறோ எட்டோதான்.

தாயிடம் அறிகுறிகள் தெரிந்தால் அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்லலாம், பெரும்பாலும் தெரியாது. தெரிந்தாலும் இடுப்பு வலி, தொடை வலி, படியேறும்போது கால் தளர்வது, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாதது என்று இருக்கும். “மாசமாக இருந்தால் இதெல்லாம் சகஜம்தான்” என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். உண்மையிலேயே பல சமயம் சகஜம்தான். ஆனால் எலும்பை அழுத்தினால் வலிப்பதும், உட்கார்ந்து எழ முடியாத அளவு தசை பலவீனமும் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பிறந்த பிறகு

கொடியை வெட்டியதும் அந்தப் பம்பு நின்றுபோகிறது. இனிமேல் குழந்தை தன் குடலால்தான் கால்சியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் ஓரிரு நாட்களில் ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் இறங்கி, பிறகு தானாக ஏறும். அப்படி ஏறுவதற்கு வைட்டமின் டி தேவை. கையிருப்பு மிகக் குறைவான குழந்தைகளில் சிலருக்கு அது ஏறாது.

பிறந்து எட்டாவது நாள். பிரசவம் சுகம், குழந்தை நன்றாகப் பால் குடித்தது, வீட்டுக்கு வந்தாயிற்று. இப்போது துணி மாற்றும்போது கையும் காலும் படபடவென்று நடுங்குகின்றன. லேசான சத்தத்துக்கும் தூக்கிப்போடுகிறது. நடுங்கும் கையை மெல்லப் பிடித்து, மடக்கி வைத்துப் பாருங்கள். சாதாரண நடுக்கமாக இருந்தால் பிடித்ததும் நின்றுவிடும். வலிப்பாக இருந்தால் உங்கள் கைக்குள்ளும் துடித்துக்கொண்டே இருக்கும். கண் ஒரே பக்கம் சொருகுவது, மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலமாவது, மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் கேட்பது, இவற்றில் எது இருந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுக்கம் பிடித்ததும் நின்றுவிட்டாலும், அது அடிக்கடி வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படி வரும் எல்லா வலிப்புக்கும் வைட்டமின் டி காரணமல்ல. சர்க்கரை குறைவு, கிருமித்தொற்று, மெக்னீசியம் குறைவு என்று பலவும் இருக்கலாம். அதனால் முதலில் ரத்தம் எடுத்துத்தான் பார்ப்பார்கள். கால்சியம் குறைந்திருந்தால் அம்மாவின் ரத்தத்தையும் கேட்பார்கள். “வலிப்பு குழந்தைக்கு, ஊசி எனக்கா?” என்று திகைக்க வேண்டாம். குழந்தையின் கையிருப்பு எங்கிருந்து வந்ததோ அங்கேதான் காரணத்தையும் தேடுகிறார்கள். கால்சியத்தைச் சரிசெய்தால் இந்த வகை வலிப்பு நின்றுவிடும் என்பது இதில் உள்ள பெரிய ஆறுதல்.

இதைவிட அதிகமாக நடப்பது மெதுவான கரைதல். ரத்தத்தில் உள்ள கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 20-இல் தொடங்கிய குழந்தை, புதிதாக எதுவும் வராவிட்டால், மூன்று வாரத்தில் 10, ஆறு வாரத்தில் 5 என்று இறங்கிவிடும். அதாவது நல்ல கையிருப்போடு பிறந்த குழந்தைக்கும் அது இரண்டு மாதத்துக்குத்தான் தாங்கும்.

தாய்ப்பால் இதை ஏன் நிரப்பவில்லை? கல்லீரலில் உருமாறிய வடிவம் பாலுக்குள் எளிதில் போகாது. தோலில் உருவான, அல்லது வாயால் சாப்பிட்ட அந்த முதல் வடிவம்தான் நன்றாகப் போகும். அது ரத்தத்தில் ஓரிரு நாட்களே தங்கும். அதனால் சாதாரணமாக ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 80 யூனிட்டுக்கும் (மருந்து அட்டையில் IU என்று இருக்கும் அலகு) குறைவாகவே வைட்டமின் டி இருக்கிறது. குழந்தைக்கு வேண்டியது நாளுக்கு 400 யூனிட். இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலைக் குறைத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தாய்ப்பாலுக்கு மாற்றே கிடையாது. இந்த ஒரு சத்து மட்டும் வெயில் வழியாக வர வேண்டியது. பச்சைக் குழந்தையை அந்த வெயிலில் கிடத்த முடியாது என்பதுதான் சிக்கல்.

மாதக்கணக்கில் குறை நீடித்தால் ரிக்கெட்ஸ். வளரும் எலும்பின் நுனியில் குருத்தெலும்பு உருவாகும், ஆனால் கால்சியம் படிந்து இறுகாது. மணிக்கட்டு புடைக்கும். விலா எலும்புகளின் முனைகள் மணி கோத்தாற்போல் வரிசையாகத் தடித்துத் தெரியும். மண்டையோட்டின் பின்பக்கத்தை அழுத்தினால் பந்துபோல் அமுங்கி மீளும். உச்சிக்குழி மூடத் தாமதமாகும். நடக்கத் தொடங்கியதும் கால்கள் வில்லாக வளையும். அரிதாகச் சில குழந்தைகளுக்குக் கால்சியக் குறைவால் இதயத் தசையே பலவீனமாகி, மூச்சுத்திணறலோடு வருவதுண்டு.

அந்தக் காலத்தில் இது ஒரு தலைமுறையோடு முடியவில்லை. ரிக்கெட்ஸ் வந்த பெண் குழந்தையின் இடுப்பெலும்பு தட்டையாகிவிடும். அவள் வளர்ந்து பிள்ளை பெறும்போது குழந்தை வெளியே வர வழி இருக்காது. 1888-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மர்டாக் கேமரன் என்ற மருத்துவர் செய்த பெயர்பெற்ற சிசேரியன் அப்படிப்பட்ட ஒரு தாய்க்குத்தான். தாயும் பிழைத்தார், பிள்ளையும் பிழைத்தது. அந்த நகரத்துக் குழந்தைகளுக்கு அன்று கிடைக்காதது கொஞ்சம் வெயிலும் மீன் எண்ணெயும்தான்.

வெயில் கொளுத்தும் ஊரிலும் ஏன் குறைகிறது?

வெயில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். அதிலும் புற ஊதா பி கதிர் பட வேண்டும். காலை இளவெயிலிலும் மாலை வெயிலிலும் அந்தக் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக விழுகிறதா? அப்படியானால் அந்த வெயிலில் வைட்டமின் டி அதிகம் உருவாகாது. நிழல் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் உருவாகும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் சூடு உண்டு, இந்தக் கதிர் கிடையாது. கருத்த தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி கதிரைத் தடுப்பதால், அதே அளவு வைட்டமினுக்கு அதிக நேரம் வெயில் வேண்டும். உடல் முழுதும் மூடும் உடை, வீட்டுக்குள்ளேயே வேலை, காற்று மாசு, குளிர்நாட்டின் நீண்ட குளிர்காலம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். உடல் பருமன் இருந்தால் வைட்டமின் டி கொழுப்பில் போய் ஒதுங்கிவிடும். சில வலிப்பு மாத்திரைகளும் ரிபாம்பிசின் என்ற காசநோய் மருந்தும் அதை வேகமாகச் சிதைக்கும்.

உணவில் கிடைக்கும், ஆனால் குறைவாகவே. கொழுப்பு மிகுந்த கடல்மீன், முட்டை மஞ்சள் கரு, வைட்டமின் டி சேர்த்த பால் போன்ற சிலவற்றில்தான். கர்ப்பகாலத் தேவையை இவற்றால் மட்டும் நிரப்புவது கடினம்.

பரிசோதனைத் தாளில் உள்ள எண்

எண்ணைப் பார்க்கும் முன் அதன் அலகைப் பாருங்கள். சில பரிசோதனைக் கூடங்கள் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று கொடுக்கும். சில, லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று கொடுக்கும். முதல் கணக்கில் 20 என்பதும் இரண்டாவது கணக்கில் 50 என்பதும் ஒன்றுதான். “என் தோழிக்கு 50, எனக்கு 20 தானா!” என்று பதறியவரை எனக்குத் தெரியும். இருவருக்கும் ஒரே அளவுதான் இருந்தது.

நானோகிராம் கணக்கில், அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை 20-ஐப் போதுமானது என்றும், 12-க்குக் கீழே போனால் குறைபாட்டு ஆபத்து என்றும் சொன்னது. 30 வேண்டும் என்று வாதிட்ட நிபுணர்களும் உண்டு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை அவசியமில்லை. மேலே சொன்ன காரணங்களில் ஒன்றிரண்டு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதில் அமைப்புகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டன் கர்ப்பிணிகளுக்குத் தினம் 400 யூனிட் என்கிறது, அமெரிக்கா 600 என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல், எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கத் தேவையில்லை, குறைபாடு இருக்கும் என்று கருதப்படுபவர்களுக்கு 200 யூனிட் கொடுக்கலாம் என்றது. 40 யூனிட் என்பது ஒரு மைக்ரோகிராம். மாத்திரை அட்டையில் 10 மைக்ரோகிராம் என்று இருந்தால் அது 400 யூனிட். மருத்துவ மேற்பார்வை இல்லாமல் 4000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. குறைபாடு உறுதியானால் சிகிச்சை அளவு வேறு, அதை மருத்துவர் தீர்மானிப்பார்.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? எலும்பு, கால்சியம் பற்றிய பலன் தெளிவு. ரத்த அழுத்தக் கோளாறு, கர்ப்பகாலச் சர்க்கரை, குறைப்பிரசவம் போன்றவற்றை வைட்டமின் டி தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எலும்பு விஷயத்திலும் நுணுக்கம் உண்டு. பிரிட்டனில் 2016-இல் வெளியான பெரிய ஆய்வில், கர்ப்பிணிகளுக்குத் தினம் 1000 யூனிட் கொடுத்தபோது ஒட்டுமொத்தமாகக் குழந்தைகளின் எலும்பில் வித்தியாசம் தெரியவில்லை. குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகளிடம் மட்டும் எலும்பு வலுவாக இருந்தது. குறை உள்ளவர்களுக்குத்தான் பலன் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். டென்மார்க்கில் 2019-இல் வந்த ஆய்வு இன்னொரு சுவாரசியமான விஷயத்தைச் சொன்னது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதிக அளவு வைட்டமின் டி எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதில் பல் எனாமல் குறைபாடு ஏறத்தாழ பாதியாக இருந்தது. பால்பற்கள் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றன அல்லவா!

அளவு கூடினாலும் ஆபத்துதான். வைட்டமின் டி கொழுப்பில் சேர்ந்து தங்கும். மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், சிறுநீரகக் கோளாறு வரும். வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டால் விபரீதம்.

குழந்தையின் சொட்டு மருந்து

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலிருந்தே தினம் 400 யூனிட் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2008-லிருந்து சொல்லிவருகிறது. பல நாடுகளின் பரிந்துரையும் இதை ஒட்டியதுதான். குறைந்தது ஒரு வயது வரை தொடர வேண்டும். பவுடர் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அதிலேயே வைட்டமின் டி சேர்த்திருப்பார்கள், குடிக்கும் அளவைப் பொறுத்துச் சொட்டு மருந்து தேவைப்படாமல் போகலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கையிருப்பு சேரும் கடைசி மாதங்கள் கிடைக்காமல் போனதால் அளவு வேறுபடும்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கம்பெனி மருந்தில் 1 மில்லிலிட்டரில் 400 யூனிட் இருக்கும், இன்னொன்றில் 800, வேறொன்றில் ஒரே ஒரு சொட்டிலேயே 400. வீட்டில் பழைய பாட்டில் தீர்ந்து புதிய பிராண்ட் வாங்கியதும் பழைய அளவையே கொடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒரே சொட்டில் 400 யூனிட் உள்ள மருந்தை ஒரு மில்லிலிட்டர் கொடுத்தால் பல மடங்கு உள்ளே போய்விடும். ஒரு பாட்டிலின் டிராப்பரை இன்னொரு பாட்டிலுக்குப் போடவும் கூடாது. 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த டிராப்பர் குழப்பத்துக்காகவே பெற்றோர்களுக்குத் தனி எச்சரிக்கை விடுத்தது.

டிராப்பரில் கோட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்து எடுங்கள். குழந்தையைச் சாய்வாகப் பிடித்து, கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விடுங்கள். தொண்டைக்கு நேராக விட்டால் புரையேறும். ஒரு சொட்டுதான் என்றால், பால் கொடுக்கும் முன் மார்புக்காம்பில் விட்டுக் குடிக்க வைக்கலாம். தினமும் ஒரே வேளையில், காலையில் குளிப்பாட்டிய பிறகு என்பதுபோல, ஒரு வேலையோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். வழக்கமான அளவையே கொடுத்துத் தொடரலாம்.